ஸ்மோக்கி: ஒரு ராப் பாடகரின் ஸ்டுடியோ மீது ராக்கெட் ஏன் பாய்ந்தது?

2015 செப்டம்பர் 17. மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தின் மீது ராக்கெட் வீசப்பட்டது. வீசியவர்கள் முந்தைய நாள் ஆட்சியைப் பிடித்திருந்த அதிபர் காவல் படையினர். கூடத்தின் பெயர் ஸ்டுடியோ அபாசோன். அதன் உரிமையாளர் ஸ்மோக்கி என்ற ராப் பாடகர்.

ஆட்சியைக் கைப்பற்றும் படைகள் வானொலி நிலையத்தையும் தொலைக்காட்சி நிலையத்தையும் விமான நிலையத்தையும் முதலில் மடக்குவது வழக்கம். பாட்டுப் பதிவு செய்யும் இடத்தைக் குறிவைக்க வேண்டிய தேவை என்ன? இதற்கு விடை ஸ்மோக்கியின் இசையில் மட்டும் இல்லை. அந்த நாட்டில் விசாரிக்கப்படாமல் கிடந்த கொலைகள், அரசியல் சாசனத்தின் 37-ஆம் பிரிவு, கட்சிகளும் நீதிமன்றங்களும் கைவிட்ட வேலை பாடகர்களின் தோளில் வந்து விழுந்த விதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

நாடும் அதன் இரு அதிபர்களும்

புர்கினா ஃபாசோவுக்குக் கடற்கரை கிடையாது. மாலி, நைஜர், பெனின், டோகோ, கானா, ஐவரி கோஸ்ட் ஆகிய ஆறு நாடுகளுக்கு நடுவே இருக்கிறது. பிரான்சின் காலனியாக இருந்து 1960-இல் விடுதலை பெற்றபோது அதன் பெயர் அப்பர் வோல்ட்டா. பருத்தியும் தங்கமும் ஏற்றுமதி. பிரெஞ்சு நெடுங்காலம் அலுவல் மொழியாக இருந்தாலும் மக்கள் வீட்டில் பேசுவது மோரே, ஜூலா, ஃபுல்ஃபுல்டே, பிஸ்ஸா போன்ற மொழிகளை.

1983 ஆகஸ்ட் 4 அன்று தாமஸ் சங்காரா என்ற 33 வயது ராணுவ கேப்டன் ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டே நாட்டின் பெயரை மாற்றினார். குழந்தைகளுக்குப் பெருமளவில் தடுப்பூசி, மரம் நடும் இயக்கம், கட்டாயத் திருமணத்துக்கும் பெண்ணுறுப்புச் சிதைப்புக்கும் எதிரான நடவடிக்கைகள் என வேலைகள் வேகமெடுத்தன. அமைச்சர்களின் சொகுசுக் கார்களை விற்றுவிட்டு சின்ன ரெனோ 5 கார்களில் போகச் சொன்னார். வெளிநாட்டுக் கடனை ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து நின்று மறுக்க வேண்டும் என்று 1987 ஜூலையில் அடிஸ் அபாபா மாநாட்டில் பேசிய பேச்சு இன்றைக்கும் இணையத்தில் சுற்றி வருகிறது. அவர் கிட்டார் வாசிப்பவரும்கூட.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. கட்சிகளுக்கு அவர் ஆட்சியில் இடமில்லை. வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். அவர் அமைத்த மக்கள் தீர்ப்பாயங்கள் முறையான நீதிமன்றங்களாக நடக்கவில்லை.

1987 அக்டோபர் 15 அன்று சங்காராவும் உடனிருந்த 12 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆட்சி அவருடைய நெருங்கிய நண்பர் பிளெய்ஸ் கொம்பவோரேயின் கைக்குப் போனது. இறப்புச் சான்றிதழில் இயற்கை மரணம் என்று எழுதப்பட்டது. உடல்களை இரவோடு இரவாகப் புதைத்தார்கள். கொம்பவோரே 27 ஆண்டுகள் ஆண்டார்.

விசாரிக்கப்படாத கொலைகள்

கொம்பவோரே ஆட்சியில் தேர்தல் நடந்தது, எதிர்க்கட்சிகள் இருந்தன, தனியார் பத்திரிகைகளும் வந்தன. ஆனால் சில கேள்விகளைக் கேட்டவர்கள் உயிரோடு மிஞ்சவில்லை. தபோ புக்காரி என்ற மருத்துவக் கல்லூரி மாணவர் 1990-இல் படையினரின் பிடியில் இறந்தார்.

நோர்பேர் சோங்கோவின் கதைதான் நாட்டை உலுக்கியது. அவர் 'லேன்டிபாண்டான்' வார இதழின் ஆசிரியர். அதிபரின் தம்பி பிரான்சுவா கொம்பவோரேயிடம் வேலை பார்த்த கார் ஓட்டுநர் ஒருவர் சித்திரவதையில் இறந்துபோன விவகாரத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார். 1998 டிசம்பர் 13 அன்று சப்பூய் என்ற ஊருக்கு அருகே சாலையோரத்தில் அவருடைய வண்டி எரிந்து கிடந்தது. உள்ளே அவரும் மூன்று பேரும் கருகிக் கிடந்தார்கள். தெருக்கள் மாதக்கணக்கில் கொந்தளித்தன. சுதந்திர விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அது அதிபர் காவல் படையைச் சேர்ந்த ஆறு பேரைக் கடும் சந்தேகத்துக்கு உரியவர்கள் என்று குறிப்பிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவர் மட்டுமே. அந்த வழக்கும் 2006-இல் தள்ளுபடியானது. எட்டு ஆண்டுகள் இழுத்தடித்துவிட்டு, போதிய ஆதாரம் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஸ்மோக்கியின் இசை வாழ்க்கை வளர்ந்த காலம் இதுதான்.

யார் இந்த ஸ்மோக்கி?

இயற்பெயர் செர்ஜ் மார்த்தான் பம்பாரா. 1971-இல் வாகடூகுவில் பிறந்தார். அப்பா புர்கினாக்காரர், அம்மா பிரெஞ்சுக்காரர். சங்காரா ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு வயது 11 அல்லது 12; கொலை நடந்தபோது 15 அல்லது 16. அந்தத் தலைமுறைக்கு அது பாடப்புத்தகச் செய்தி அல்ல. பள்ளிப் பருவம் முழுவதும் வானொலியில் கேட்ட ஒரு குரல் ஒரே நாளில் நின்றுபோன அனுபவம்.

1991-இல் படிக்க பிரான்சுக்குப் போனார். அங்கே ராப் பாடத் தொடங்கி, ஒரு பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தமும் செய்தார். அங்கேயே இருந்திருந்தால் பிரெஞ்சு ஹிப்-ஹாப் உலகில் ஓரளவு பெயர் கிடைத்திருக்கும். ஆனால் 2001-இல் ஊருக்குத் திரும்பி ஸ்டுடியோ அபாசோனைத் தொடங்கினார்.

அவர் எடுத்த முடிவுகளில் மிக முக்கியமானது இந்த ஸ்டுடியோ என்றுதான் சொல்ல வேண்டும். காரணம் எளியது. வாகடூகுவில் ஒரு பாடகர் பாட்டுப் பதிவு செய்ய வேண்டுமானால் பணம் போட ஒருவர் வேண்டும். பணம் போடுபவர்களுக்கு ஆட்சியோடு தொடர்பு இருக்கும். அரசு நிகழ்ச்சிகள், கட்சிக் கூட்டங்கள், நிறுவன விளம்பரங்கள் எனப் பாடகரின் வருமானமும் அதே வட்டத்துக்குள் சுற்றும். சொந்த மைக், சொந்த மிக்சர், சொந்தக் கூரை இருப்பவரிடம் இந்த வரியை எடுத்துவிடு என்று யாரும் சொல்ல முடியாது. மற்ற இளைஞர்களும் அங்கே வந்து பதிவு செய்தார்கள். அப்படி ஒரு தனி மனிதரின் துணிச்சல் ஒரு சின்ன நிறுவனமாக மாறியது.

'எபிதாஃப்', 'ஜமானா', 'கோட் நுவார்' என ஆல்பங்கள் வந்தன. கழுத்துப்பட்டையையும் கோட் சூட்டையும் அழுகலையும் ஒரே தலைப்பில் சேர்த்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். ஆளும் வர்க்கத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இந்தக் குற்றத்தால் யாருக்கு லாபம் என்று கேட்கும் ஒரு பாட்டில் சங்காராவின் பேச்சுக் குரலையே இசைக்குள் கோத்துவிட்டார். அரசு ஊடகங்கள் ஒதுக்கிவைத்த குரல் பாட்டின் வழியே வீதிக்கு வந்தது. 2010-இல் ஆப்பிரிக்க அளவிலான கோரா விருதுகளில் சிறந்த ஹிப்-ஹாப் கலைஞருக்கான பரிசும் கிடைத்தது.

ராப் ஏன் இந்த வேலையைச் செய்தது?

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ராப் 1980-களில் வந்தது. 1989-இல் செனகலின் டக்கார் நகரில் உருவான பாசிடிவ் பிளாக் சோல் குழு அதற்கு ஆப்பிரிக்க முகம் கொடுத்த முன்னோடிகளில் ஒன்று. தாளத்துக்கு வேகமாகப் பேசுவதுதான் ராப் என்பதால், பெரிய வாத்தியக் குழுவோ குரல் பயிற்சியோ இல்லாமலேயே தொடங்கிவிடலாம். புர்கினா ஃபாசோவில் அது வேரூன்றக் குறிப்பான காரணங்கள் இருந்தன.

1. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுந்த நாடு. பத்திரிகை பிரெஞ்சில் வருகிறது. நகரத்தில் படித்தவர்களைத் தாண்டிப் போவதில்லை. சோங்கோ எழுதியதைப் படித்தவர்களைவிட அவரைப் பற்றிய பாட்டைக் கேட்டவர்கள் பல மடங்கு அதிகமாக இருந்திருப்பார்கள்.

2. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இளையவர்கள். 2014-இல் 27 வயதான ஒருவர் பிறந்ததிலிருந்து ஒரே அதிபரைத்தான் பார்த்திருக்கிறார். அவர் வயதுக்காரர்களை எந்தக் கட்சியும் மதித்துப் பேசியதில்லை. பாடகர்கள் பேசினார்கள்.

3. எஃப்.எம். வானொலி. தனியார் நிலையங்கள் 1990-களில் இருந்தே இயங்கின. சாம்ஸ்க் லெ ஜா என்ற ரெகே பாடகர் வாகா எஃப்.எம்-இல் நிகழ்ச்சி நடத்தினார். சங்காராவைப் பற்றியும் சோங்கோவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினார். கொலை மிரட்டல்கள் வந்தன. 2007-இல் அவருடைய காரை யாரோ கொளுத்தினார்கள். ஸ்மோக்கியின் நெருங்கிய கூட்டாளியாகப் பின்னால் வரப்போகிறவர் இவர்தான்.

இங்கே ஒரு தவறான புரிதலைத் தவிர்க்க வேண்டும். பாட்டு மக்களைத் தூண்டிவிட்டது, மக்கள் கிளம்பினார்கள் என்று பல கட்டுரைகள் எழுதுகின்றன. நடந்தது அப்படி அல்ல. கோபம் ஏற்கெனவே இருந்தது. 2011-இல் கூதுகு நகரில் ஒரு மாணவர் இறந்ததையொட்டி நாடெங்கும் போராட்டம் வெடித்தது. சிப்பாய்களும் சம்பளப் பாக்கிக்காகக் கலகம் செய்தார்கள். அந்தக் கலகத்தில் அதிபர் காவல் படையினரே சேர்ந்துகொண்டார்கள். ஆனாலும் ஆட்சி விழவில்லை. கோபத்துக்கு ஒரு பொதுப் பெயரும் பொதுக் கோரிக்கையும் இல்லாததே காரணம். பாடகர்கள் செய்தது கொல்லப்பட்டவர்களின் பெயர்களை மறக்கவிடாமல் பார்த்துக்கொண்டது. கோரிக்கையைக் கொடுத்தது அரசியல் சாசனம்.

37-ஆம் பிரிவு

அதிபர் எத்தனை முறை பதவி வகிக்கலாம் என்பதைச் சொல்வது புர்கினா சாசனத்தின் 37-ஆம் பிரிவு. அதன் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் விவகாரம் தெளிவாகும்.

1. 1991: பதவிக்காலம் ஏழு ஆண்டு, ஒரு முறை மட்டும் மீண்டும் போட்டியிடலாம்.

2. 1997: அந்த வரம்பு நீக்கப்பட்டது. எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம் என்றானது.

3. 2000: சோங்கோ கொலைக்குப் பிந்தைய போராட்டங்களின் அழுத்தத்தால் வரம்பு திரும்ப வந்தது. காலம் ஐந்து ஆண்டாகக் குறைந்தது.

4. 2005: கொம்பவோரே ஏற்கெனவே இரண்டு முறை இருந்துவிட்டாரே என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. புதிய விதி பழைய காலத்துக்குப் பொருந்தாது, கணக்கு இப்போதுதான் தொடங்குகிறது என்று அரசியல் சாசன மன்றம் சொன்னது. 2005-லும் 2010-லும் அவர் வென்றார்.

5. 2015: சட்டப்படி அவர் விலகியே ஆக வேண்டும்.

ஆக 2013 முதலே எல்லோருடைய கண்ணும் ஒரே கேள்வியில் இருந்தது: பிரிவு 37-ஐ மறுபடியும் திருத்துவாரா? அந்த ஆண்டில் செனட் என்ற மேலவையை அமைக்கும் திட்டம் வந்தபோது, திருத்தத்துக்கு ஆள் சேர்க்கும் வேலை இது என்று எதிர்த்தரப்பு தெருவில் இறங்கியது.

துடைப்பம் ஏந்திய இயக்கம்

அதே 2013-இல் ஸ்மோக்கியும் சாம்ஸ்க் லெ ஜாவும் பலே சித்துவாயான், அதாவது குடிமக்கள் துடைப்பம் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். கி எர்வே காம் என்ற வழக்கறிஞரும் நிறுவனர்களில் ஒருவர். செனகலில் 2011-இல் ராப் பாடகர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து உருவாக்கிய 'யான் ஆ மார்' இயக்கம் இவர்களுக்கு முன்மாதிரி. மூன்றாவது முறை அதிபராக முயன்ற அப்துலாயே வாதேயை 2012 தேர்தலில் தோற்கடித்ததில் அதற்குப் பங்கு உண்டு.

துடைப்பத்தைச் சின்னமாக எடுத்ததற்கு உள்ளூர்ப் பின்னணி இருக்கிறது. சங்காரா காலத்தில் அதிகாரிகள் உட்பட எல்லோரும் தெருவில் இறங்கிக் கூட்டிப் பெருக்கும் நாட்கள் இருந்தன. ஆட்சியைக் கூட்டித் தள்ளுவோம் என்பதும் தெருவைச் சுத்தமாக வைப்போம் என்பதும் ஒரே சின்னத்துக்குள் அடங்கின. உறுப்பினர்களுக்கு ஆண் என்றால் சிபால், பெண் என்றால் சிபெல் என்று பெயர். 'நம் எண்ணிக்கையே நம் பலம்' என்பது முழக்கம்.

பாடகரின் ரசிகர் கூட்டம் என்பது நிகழ்ச்சி முடிந்ததும் கலைந்துவிடும். இவர்கள் அதைப் பேட்டைதோறும் கிளைகளாக மாற்றினார்கள். மின்வெட்டை எதிர்த்தார்கள், துப்புரவுப் பணி செய்தார்கள், பிரிவு 37 என்றால் என்ன என்று விளக்கக் கூட்டம் போட்டார்கள். ஒரு சட்டப் பிரிவின் எண் தெருமுனை வரை பழகிப்போனது அப்படித்தான்.

2014 அக்டோபர்

அக்டோபர் 21 அன்று, திருத்த மசோதாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்புவதாக அரசு அறிவித்தது. 127 உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் ஆதரித்தால் மக்கள் வாக்கெடுப்பே தேவையில்லை. ஆளுங்கட்சிக்கு அந்த எண்ணிக்கை தனியாக இல்லை; இன்னொரு கட்சி ஆதரவு தந்ததும் கணக்கு முடிந்துவிட்டது. வாக்கெடுப்பு அக்டோபர் 30.

27-ஆம் தேதி பெண்கள் ஊர்வலம் போனார்கள். கையில் களி கிண்டும் மரத்துடுப்பு. தோ என்ற சிறுதானியக் களிதான் அந்த மக்களின் அன்றாட உணவு. அதைக் கிண்டும் துடுப்பு வீட்டுக்கு வீடு இருக்கும். ஒரு பெண் அதை ஓர் ஆணை நோக்கி உயர்த்திக் காட்டினால் அது அவனுக்குப் பெருத்த அவமானம், சாபத்துக்குச் சமம் என்பது அங்குள்ள வழக்கம். நூற்றுக்கணக்கான துடுப்புகள் அன்று அதிபரை நோக்கி உயர்ந்தன. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் பலருக்கு அது ஒரு வித்தியாசமான காட்சி. உள்ளூர்க்காரர்களுக்கு இனித் திரும்ப முடியாது என்பதன் அறிவிப்பு.

மறுநாள் எதிர்க்கட்சிகளின் மாபெரும் பேரணி. 30-ஆம் தேதி காலை கூட்டம் காவல் அரண்களைத் தாண்டி நாடாளுமன்றத்துக்குள் புகுந்து தீ வைத்தது. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 31-ஆம் தேதி கொம்பவோரே பதவி விலகி, பிரான்சின் உதவியோடு ஐவரி கோஸ்ட் போய்ச் சேர்ந்தார். அந்த நாட்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நவம்பர் முதல் நாளில் இயக்கத்தின் அழைப்பை ஏற்று இளைஞர்கள் உண்மையான துடைப்பங்களோடு வந்து, கல்லும் எரிந்த டயரும் கிடந்த தெருக்களைக் கூட்டினார்கள். தேச சதுக்கம் என்று கொம்பவோரே காலத்தில் பெயர் மாறியிருந்த இடம், சங்காரா காலத்துப் பெயரான புரட்சி சதுக்கமாக மறுபடியும் அழைக்கப்பட்டது.

ஸ்மோக்கி மீதான கடுமையான விமர்சனம்

அதிபர் ஓடியதும் யார் ஆள்வது? எதிர்க்கட்சித் தலைவர்கள் உடனே முன்வரவில்லை. படைத் தலைமைத் தளபதி ஒருவர் தானே ஆட்சித் தலைவர் என்றார். அடுத்த சில மணி நேரத்தில் லெப்டினன்ட் கர்னல் இசாக் சிதா வந்தார். அவர் எந்தப் படையைச் சேர்ந்தவர்? அதிபர் காவல் படையின் இரண்டாம் நிலைத் தலைவர். சோங்கோ விசாரணையில் பெயர் அடிபட்ட அதே படை.

குடிமக்கள் துடைப்பத்தின் தலைவர்கள் சிதாவோடு ஒன்றாகக் காணப்பட்டார்கள். மக்கள் ரத்தம் சிந்திப் பெற்றதை ராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டீர்களே என்ற குற்றச்சாட்டு இன்றைக்கும் அவர்களை விடவில்லை. அதிகாரம் காலியாகக் கிடந்தால் கொள்ளையும் சாவும் பெருகும், எனவே ஒழுங்கை நிலைநாட்டச் சொன்னோம் என்பது அவர்கள் தரப்பு.

இந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு: பதவியை அவர்கள் ஏற்கவில்லை. மிஷெல் கஃபாண்டோ என்ற முன்னாள் தூதர் இடைக்கால அதிபரானார், சிதா பிரதமரானார். 90 பேர் கொண்ட இடைக்கால அவையில் சிவில் அமைப்புகளுக்கும் இடம் இருந்தது. ஸ்மோக்கி போன்றவர்கள் அதில் போய் உட்கார்ந்திருக்கலாம். வெளியே நின்று கண்காணிப்பதே எங்கள் வேலை என்று சொல்லிவிட்டார்கள். பாராட்டத்தக்க முடிவுதான். அதற்கு ஒரு விலையும் இருந்தது: முடிவெடுக்கும் மேசையில் அவர்கள் இல்லை. ஆட்சியை வீழ்த்தியவர்கள் ஒதுங்கி நிற்க, பழைய அரசியல்வாதிகள் வந்து அமர்ந்தார்கள். 2015 நவம்பர் தேர்தலில் வென்ற ரோக் கபோரே கொம்பவோரேயிடம் பிரதமராகவும் நாடாளுமன்றத் தலைவராகவும் இருந்தவர். 2014 தொடக்கத்தில்தான் அவரை விட்டுப் பிரிந்தவர்.

ராக்கெட் பாய்ந்த நாள்

இப்போது 2015 செப்டம்பருக்கு வரலாம். அதிபர் காவல் படை என்பது ஏறத்தாழ 1,300 பேர் கொண்ட தனிப்படை. மற்ற ராணுவத்தைவிட நல்ல ஆயுதம், நல்ல சம்பளம். அதன் உண்மையான தலைவர் ஜெனரல் ஜில்பேர் தியேந்தெரே, கொம்பவோரேயின் வலது கை. இந்தப் படையைக் கலைத்துவிட வேண்டும் என்று சீர்திருத்த ஆணையம் பரிந்துரைத்த சில நாட்களில், செப்டம்பர் 16 அன்று, அமைச்சரவைக் கூட்டத்துக்குள் நுழைந்து இடைக்கால அதிபரையும் பிரதமரையும் படையினர் பிடித்துவைத்தனர். தங்கள் ஆளாக இருந்த சிதாவையும் விடவில்லை.

தனியார் வானொலிகள் மிரட்டி நிறுத்தப்பட்டன. மறுநாள் ஸ்மோக்கியின் ஸ்டுடியோ தாக்கப்பட்டது. சூழலை வைத்துப் பார்த்தால் காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. கிளைகளாகப் பரந்திருக்கும் இயக்கத்தை ஒரே அடியில் நசுக்க முடியாது. முகம் தெரிந்தவர்களின் இடத்தைத் தாக்கினால் மற்றவர்கள் அஞ்சுவார்கள் என்பது கணக்கு. அதோடு, யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒலியைப் பதிவு செய்து பரப்பக்கூடிய இடம் அது. ஸ்மோக்கி உயிர் தப்பினார்.

கணக்கு பலிக்கவில்லை. பேட்டைகளில் டயர் எரித்தும் கல் அடுக்கியும் பாதைகளை மறித்தார்கள். இடைக்கால அவையின் தலைவர் ஷெரிஃப் சி மறைவிடத்திலிருந்து எதிர்ப்பு வானொலி நடத்தினார். தலைநகருக்கு வெளியே இருந்த ராணுவப் பிரிவுகள் வாகடூகுவை நோக்கிக் கிளம்பின. ஒரே வாரத்தில் கஃபாண்டோ மீண்டும் பொறுப்பேற்றார். காவல் படை கலைக்கப்பட்டது. குறைந்தது 14 பேர் இறந்திருந்தார்கள். தியேந்தெரேவுக்கு 2019-இல் ராணுவ நீதிமன்றம் 20 ஆண்டு சிறை விதித்தது.

மக்கள் மட்டுமே இந்தக் கவிழ்ப்பைத் தோற்கடித்தார்கள் என்று எழுதுவது மிகை. வழக்கமான ராணுவம் எழுந்திருக்காவிட்டால் முடிவு வேறாகியிருக்கும். ஆனால் தெரு அமைதியாக இருந்திருந்தால் அந்த ராணுவம் எழுந்திருக்காது என்பதும் உண்மை. பாட்டும் துடைப்பமும் ஆட்சியாளருக்கு ஒப்புதல் மறுக்கும் வலிமையைத் தரும். துப்பாக்கிகளுக்குக் கட்டளையிடும் வலிமையைத் தராது. ஸ்மோக்கியின் வெற்றியையும் எல்லையையும் இந்த ஒரு வாரத்தில் சேர்த்தே பார்க்கலாம்.

2015-லேயே 'ப்ரேவொலூசியோன்' என்ற ஆல்பம் வந்தது. 2016-இல் அம்னெஸ்டி இன்டர்நேஷனலின் மனசாட்சித் தூதர் விருது, பாடகி ஆஞ்செலிக் கிஜோவோடு செனகல், புர்கினா ஃபாசோ, காங்கோ இளைஞர் இயக்கங்கள் மூன்றுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. குடிமக்கள் துடைப்பம் அவற்றில் ஒன்று. அதே ஆண்டு ஸ்டுடியோ அபாசோன் ஒரு தீ விபத்தில் மறுபடியும் நாசமானது.

இரண்டு கவிழ்ப்புகளுக்குப் பின்

2016 ஜனவரியில் வாகடூகு ஹோட்டல் ஒன்றிலும் அருகிலிருந்த உணவகத்திலும் ஜிகாதி ஆயுதக் குழுவினர் 30 பேரைக் கொன்றார்கள். அதன் பின் வடக்கும் கிழக்கும் கிராமம் கிராமமாகக் கைநழுவின. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். 2021 நவம்பரில் இனாத்தா முகாமில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது, அங்கிருந்த காவலர்களுக்கு வாரக்கணக்கில் உணவே போய்ச் சேரவில்லை என்பது வெளிவந்தது. கபோரே அரசின் மேல் மிச்சமிருந்த மதிப்பும் போனது. 2022 ஜனவரியில் ஒரு ராணுவக் கவிழ்ப்பு. செப்டம்பர் 30-இல் இன்னொன்று. இரண்டாவதில் வந்தவர் கேப்டன் இப்ராஹிம் டிராவோரே, வயது 34.

பலரைக் குழப்பும் இடம் இங்கேதான் வருகிறது. டிராவோரே தன்னைச் சங்காராவின் வழியில் நிறுத்திக்கொள்கிறார். சங்காரா கொல்லப்பட்ட இடத்தில் நினைவு மண்டபம் 2025 மே மாதம் திறக்கப்பட்டது. அப்படியானால் சங்காராவின் பெயரைக் காலமெல்லாம் பாடியவர்கள் இந்த அரசைக் கொண்டாடத்தானே வேண்டும்?

2023 ஏப்ரலில் அரசு பொது அணிதிரட்டல் ஆணை பிறப்பித்தது. 18 வயது நிரம்பிய எவரையும் ஜிகாதிகளுக்கு எதிரான போர்முனைக்கு அழைக்கலாம். நவம்பரில் அழைப்பு போனவர்களில் பத்திரிகையாளர்களும் அரசை விமர்சித்த செயற்பாட்டாளர்களும் இருந்தார்கள். குடிமக்கள் துடைப்பத்தைச் சேர்ந்த ரஸ்மானே சினாபா, பசிரு பாஜோ இருவரும் நீதிமன்றம் போனார்கள். டிசம்பரில் வாகடூகு நீதிமன்றம் அந்த அழைப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. 2024 ஜனவரியில் வழக்கறிஞர் காம் விமான நிலையத்தில் பிடித்துச் செல்லப்பட்டார். பிப்ரவரியில் சினாபாவும் பாஜோவும் கடத்தப்பட்டார்கள். பின்னர் ராணுவ உடையில் போர்முனையில் இருப்பதுபோன்ற காட்சிகள் வெளிவந்தன. சங்காராவைப் போற்றுவதும், கேள்வி கேட்பவர்களைப் பிடித்துப் போவதும் ஒரே அரசின் இரு செயல்கள். இந்த இயக்கம் சங்காராவின் பெயரோடு சேர்த்துக் கேட்டது பதவிக்கால வரம்பையும் கொலைகளுக்கான நீதியையும். அந்தப் பகுதியை விட்டுவிட்டு, பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது எந்த ஆட்சிக்கும் எளிது.

ஸ்மோக்கியின் தலைமுறை பாடிய பெயர்களுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும். சங்காரா கொலை வழக்கில் 2022 ஏப்ரல் 6 அன்று கொம்பவோரேவுக்கும் தியேந்தெரேவுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; கொம்பவோரே ஐவரி கோஸ்ட்டில் இருந்ததால் அவர் இல்லாமலேயே தீர்ப்பு. தபோ புக்காரி வழக்கிலும் அதே ஆண்டு தீர்ப்பு வந்தது. 2014 எழுச்சி நடந்திருக்காவிட்டால் இந்த இரண்டு வழக்குகளும் நீதிமன்றத்தை எட்டியிருக்காது.

மிச்சமிருப்பது சோங்கோ. 2014 மார்ச்சில் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம், புர்கினா அரசு இந்தக் கொலையை ஒழுங்காக விசாரிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. எழுச்சிக்குப் பின் வழக்கு மீண்டும் திறக்கப்பட்டு, பிரான்சுவா கொம்பவோரே 2017-இல் பாரிசில் கைது செய்யப்பட்டார். அவரை ஒப்படைக்க பிரான்ஸ் ஆணையும் பிறப்பித்தது. ஆனால் அவரை முறையாக நடத்துவோம் என்று 2022-க்கு முந்தைய புர்கினா அரசு தந்த உறுதிமொழிகள், கவிழ்ப்புக்குப் பின்னும் செல்லுமா என்று பார்க்காமல் அவரை அனுப்பக் கூடாது என்று 2023 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கூறியது. பிரான்ஸ் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.